முப்பத்திரண்டாவது கண்ணாடி

முப்பத்தோரு கண்ணாடிச் செல் போட்டார்கள். இருபத்தெட்டு பால்போல வெளுத்துக் கெட்டுப்போயின. நடந்தது அவ்வளவுதான். முப்பத்திரண்டாவது இப்போது அண்டாவுக்குள் ஆறிக்கொண்டிருக்கிறது. அதன் முன்னால் மர ஸ்டூலில் பலவேசம் உட்கார்ந்திருக்கிறார். மணி இரண்டு இருபது. மின்விசிறியை நிறுத்தி வைத்திருப்பதால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பித்தளை அண்டா. ஆராய்ச்சிக்கூடத்தில் அண்டாவுக்கு என்ன வேலை என்று எவனாவது கேட்டால் பதில் சொல்ல அவருக்குப் பொறுமை இல்லை. கவிழ்த்துப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குக் கீழே ஸ்விட்சை அணைத்த ஹாட் பிளேட், அதன்மேல் தடித்த அலுமினியக் கட்டை, கட்டையின்மேல் தீப்பெட்டி அளவில் இரண்டு கண்ணாடிச் சில்லுகளை ஒட்டிய செல். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் அவருடைய பதினோரு வருஷம் கிடக்கிறது. அண்டா விளிம்புக்கடியில் நுழைத்த கம்பி, வெளியே ஒரு சின்னப் பெட்டியில் சிவப்பு எண்ணைக் காட்டுகிறது: எண்பத்தொன்று. ஒரு மணி நேரத்தில் நூற்றுப்பத்திலிருந்து இறங்கி வந்திருக்கிறது. நாற்பத்தைந்துக்கு வர வேண்டும், வந்தால்தான் அண்டாவைத் தூக்கலாம். நான்கு மணிக்கு முதலாளி கிருபாகரன் போன் பண்ணுவான். ஆஸ்பத்திரிக் கருவி செய்கிற வடக்கத்திக் கம்பெனிக்காரர்கள் அவனெதிரே உட்கார்ந்திருப்பார்கள். இங்கிருந்து போன நல்ல செல் ஒன்று அவர்கள் கையில் இருக்கிறது. ஒன்று குருட்டாம்போக்கில் வந்திருக்கலாம், இன்னொன்று காட்டுங்கள் என்கிறார்கள். இருக்கிறது என்றால் பலவேசத்தின் மாவு பிழைத்தது. இல்லையென்றால் மாவைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வெளிநாட்டுப் பேனலை இறக்குமதி செய்துகொள்வார்கள். பூச்சுப் பூசிய கண்ணாடியில் இதுதான் கடைசி ஜோடி. அடுத்தது வர ஒன்றரை மாதம். ஆகவே இது வரும். வராமல் எங்கே போய்விடும். பொருளில் குற்றம் கிடையாது. பொருளில் ஒருநாளும் குற்றம் இருந்ததில்லை. எண்பத்தொன்று. இன்னும் எண்பத்தொன்றேதான்.

மாவு என்பது இந்தக் கட்டடத்தில் எல்லாரும் சொல்கிற பேர். அவர் வைத்த பேரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. கோயமுத்தூர் ஓரத்துத் தொழிற்பேட்டையில், கீழே பம்புக்கு வார்ப்படம் கடைகிற பட்டறையும் மேலே இந்த நாலு அறையுமாக இருக்கிற இடத்தில், அவ்வளவு நீளமான பேருக்கு யார் காத்திருப்பார்கள். வெள்ளைத் தூள். நூறு பங்கு எல்.சி.யில் ஒன்றரைப் பங்கு போடுவது. எல்.சி. என்பது திரவப் படிகம். பார்த்தால் எண்ணெய் மாதிரி ஓடும். உள்ளே மூலக்கூறெல்லாம் வரிசை பிசகாமல் நிற்கும். மின்சாரம் கொடுத்தால் எழுந்திருக்கும், நிறுத்தினால் பழையபடி படுக்கும். எழுவதில் சோம்பல் இல்லை, படுப்பதில்தான் சோம்பல். குளிர்காலத்தில் கேட்கவே வேண்டாம். எட்டு என்ற எண் ஒன்றாக மாறினால், எட்டின் மிச்சம் மங்கலாக அங்கேயே நிற்கும், போகிற மாதிரி போகாமல், கல்யாண வீட்டில் கடைசி ஆளாக உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரன் மாதிரி. அதற்கு இங்கே நிழல் என்று பேர். மாவு அந்த நிழலை விரட்டும். சூட்டில் எல்.சி.யோடு கரைந்துவிடும், ஆறும்போது கண்ணுக்குத் தெரியாத நார் நாராக உறையும். கடல்பாசி உறைகிற மாதிரிதான், ஆனால் திரவம் திரவமாகவே இருக்கும், நடுவில் நார் மட்டும் பின்னிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு நாரும் ஒரு ஸ்பிரிங். எழுந்த மூலக்கூறைச் சடாரென்று வரிசைக்கு இழுத்துப் போடும். குளிரானாலும் சரி, விரலால் அழுத்தினாலும் சரி. இதைப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாநாட்டில் சொன்னபோது பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். விடட்டும். அவன் இன்றைக்கு எங்கே இருக்கிறானோ. எண்பது. ஆ, எண்பது.

நிழல் என்றால் என்னவென்று அவருக்கு ஒருவன் சொல்ல வேண்டியதில்லை. நிழலுக்கடியில் படுத்திருந்தவர். போன ஜனவரி, குன்னூர், மச்சினன் மகள் கல்யாணம், விடியக்காலைப் பனியில் மண்டபத்துப் படி ஏறும்போது மூச்சு பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. விரலில் கிளிப் மாட்டினார்கள், தலைமாட்டில் மானிட்டர். அதன் மூலையில் இருந்த எண் பேனலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இந்தக் கட்டடத்தில் செய்தது, மாவு போடாத பழைய வகை. பெற்ற பிள்ளையை ஊர் எல்லையில் பார்த்த மாதிரி இருந்தது. தொண்ணூற்றெட்டு காட்டியது. பிறகு மூச்சு இறுகியது, எண் இறங்கியது, தொண்ணூற்றொன்று. ஆனால் ஒன்றுக்குப் பின்னால் எட்டு போகாமல் நின்றது. நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, "தொண்ணூத்தெட்டு, சூப்பரா இருக்கீங்க தாத்தா" என்றாள். "அது தொண்ணூத்தொண்ணும்மா. எட்டு இல்ல, எட்டோட நிழல். நல்லாப் பாரு." "பேசாதீங்க தாத்தா, மூச்சு வாங்குது." "நான்தான் அதச் செஞ்சேன்." "ஆமா ஆமா, நீங்கதான் செஞ்சீங்க. அந்த லைட்டு, ஃபேனு கூட நீங்கதான்." வெளியே போய், பேஷன்ட் உளறுகிறார் என்று டாக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. வந்து ஊசி போட்டார்கள். கண் செருகுகிற வரைக்கும் அந்தத் திருட்டு எட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். பயமெல்லாம் இல்லை, கோபம்தான் என்று எல்லாரிடமும் சொன்னார். பொய். பயந்தார். தான் செத்தால்கூடப் பேனல் தொண்ணூற்றெட்டு என்றே காட்டும் என்று நினைத்தார். மலையில் மட்டும் அந்த மாதிரி பேனல் நானூறு இருக்கிறது. நானூறு தலைமாடு. அதை இப்போது ஏன் நினைக்க வேண்டும். எழுபத்தாறு. அதுபாட்டுக்கு இறங்குகிறது. நல்லபடியாகத்தான் இறங்குகிறது.

ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். "சார்" என்று சத்தம் வந்தது. ஜன்னலோரத்தில் துளசிமணி. அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. கண்ணாடி செல்லுக்குள் எல்.சி. நிரப்புகிறவள். சூடாக்கிய ஊசியால் கண்ணாடி உதட்டில் ஒரே ஒரு சொட்டு வைப்பாள், அது தானாக உள்ளே ஊர்ந்து போகும், ஒரு குமிழி விழாது. இப்போது இனி வரப்போகிற செல்லுக்கு நம்பர் ஒட்டுகிற டேப்பைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "கோட்டப் பாருங் சார்." தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தாள், அண்டாவிலிருந்து மூன்றடி. ஸ்டூலின் முன்கால் இரண்டும் அதைத் தாண்டியிருந்தன. "நான் தொடல." "தொடலீங். கிட்டப் போனா தொடுவீங்." "எம்பத்தஞ்சு மூலக்கூறு செஞ்சவன் நான்." "செஞ்சீங்க. யாரு இல்லைன்னா. கொஞ்சம் அக்கட்ட உக்காந்து செஞ்சதா நெனச்சுக்கோங்." அவர் ஸ்டூலைப் பின்னால் இழுத்தார், வேண்டுமென்றே தரை கிறீச்சிடும்படி. முப்பத்தொன்றாவது செல் இவரால்தான் போனது, அதனால்தான் கோடு. போன சனிக்கிழமை, இதே அண்டா, இதே ஸ்டூல், ஐம்பத்தெட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே என்னதான் நடக்கிறது என்று ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டார். இரண்டு விரல்கடை, அவ்வளவுதான். அந்த வழியாகக் காற்று போயிற்று. செல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது பாதி கண்ணாடித் தெளிவு, பாதி பால். நடுவில் வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு. துளசிமணி திட்டியிருந்தால் திருப்பிச் சத்தம் போட்டிருக்கலாம். பாதி நன்றாக வந்த பக்கத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள், அதுதான் இன்னும் குத்துகிறது. எட்டாம் மாசத்திலேயே பிறந்த மனுஷன், இன்னும் கொஞ்ச நாள் வயிற்றில் இருக்கப் பொறுக்காதவர் என்று வீட்டில் மனைவி சொர்ணம் இன்றைக்கும் சொல்வாள். மணமேடையில் மேளக்காரன் வாயில் நாதஸ்வரத்தை வைப்பதற்குள் தாலியோடு கையை நீட்டிவிட்டாராம், ஐயர் கையைப் பிடித்து நிறுத்தினாராம். ஐம்பது வருஷமாக அதே கதை. எத்தனை தடவை சொல்வாள். எழுபத்திரண்டு.

எடு, வை, எண்ணு. அவருடைய முறை அது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் கற்றுக்கொண்டதுகூட இல்லை, தானாகக் கண்டுபிடித்தது. நூற்றுப்பது டிகிரியில் செல்லை இடுக்கியால் எடு. கறுப்புக் கடப்பைக் கல்லின்மேல் வை. பதினைந்து வரை எண்ணு. முடிந்தது. கை வைத்தால் குளிர்ந்திருக்கும். மற்றவன் ஒரு செல்லை ஆற வைத்துக்கொண்டு காப்பி குடிக்கப் போவான், இவர் அதற்குள் எட்டு செல் முடித்து எழுதியும் வைத்திருப்பார். வெறும் எல்.சி.க்கு அதில் ஒரு கெடுதலும் கிடையாது. இந்தக் கட்டடத்தில் வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் முதல் நாள் அந்தக் கல்லைத்தான் காட்டினார். மேஜையில் பதித்தே வைத்திருக்கிறார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை, அவரும் கேட்க விட்டதில்லை. மாவு வந்த பிறகும் அதே கல். செல் வெளுத்தது. காற்றில் ஈரம் என்றார், அறையை அடைத்தார். வெளுத்தது. கண்ணாடிப் பூச்சு சரியில்லை என்றார், பூச்சுக்காரனை மாற்றினார். வெளுத்தது. பூச்சைத் தேய்க்கிற துணி என்றார், வெல்வெட் மாற்றினார், வெளுத்தது. கடைசியில் துளசிமணியின் கையைச் சொன்னார். "உன் கை வேர்க்குது. உப்பு எறங்குது." அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு அவரை. "என் கை வேர்த்துச்சுன்னா அந்த மூணு மட்டும் எப்படிங் சார் நின்னுச்சு?" முப்பத்தொன்றில் மூன்று நன்றாக வந்திருந்தன. ஆறாவது, பதினாலாவது, இருபத்திரண்டாவது. முதல் இரண்டையும் அவரே அழுத்திப் பார்த்து உடைத்தார், மூன்றாவது வடக்கே போனது. அந்த மூன்றுக்கும் அவர் ஒரு பதில் வைத்திருந்தார்: அன்றைக்குப் புதுப் பாட்டில் மாவு. புதுப் பாட்டில் உடைத்த மற்ற நாட்களில் ஏன் வரவில்லை என்பதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது, செல்தான் இல்லை. அறுபத்தொன்பது. மணி இரண்டு ஐம்பது. அவசரம் இல்லை. கணக்காகத்தான் போகிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை அவள் வந்து நின்றாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு. "ஏனுங் சார், நின்ன மூணும் ஷட்டவுன் அன்னிக்குப் போட்டதுங்." மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்கு என்று காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள், அந்த நாள். "எப்படிச் சொல்ற?" "எங்க வீடும் இதே லைனுதானுங். அன்னிக்கு மோட்டார் ஓடாது, தண்ணியில்லாம வேலைக்கு வந்திருப்பேன். மறக்குமுங்களா? டேப்புல தேதி நாந்தான எழுதறேன்." "சரி, அதுக்கென்ன." "எட்டரைக்கு செல்லச் சூட்டுத் தட்டுல வெச்சோம். ஒம்போதுக்கு கரண்ட் போச்சு. நீங்க ஈ.பி.காரன ஒரு பாட்டம் திட்டீட்டு டீக்கடைக்குப் போயிட்டீங்க. செல்லு தட்டுமேலயே கெடந்து மெதுவா ஆறுச்சு. கல்லுக்கு அது போகவே இல்லீங்." "தற்செயல்." "மூணு தடவையுமா?" "மெதுவா ஆறினா நார் தடிச்சுப் போகும்மா. நான் படிச்சவன் சொல்றேன்." "நீங்க படிச்சவருங். நான் பாத்தவ." போய்விட்டாள். பலவேசம் மேஜை இழுப்பறையைத் திறந்து தன் பழைய கட்டுரையை எடுத்தார், தானே எழுதியது, ஒன்பது வருஷத்துக்கு முன்னால். அதில் இரண்டு எண் இருந்தது. தொண்ணூற்றிரண்டு டிகிரியில் எல்.சி. வரிசை கட்டும். அறுபத்தொன்றில் மாவு நாராகத் தொடங்கும். நடுவில் முப்பத்தோரு டிகிரி. மெதுவாக இறங்கினால் முதலில் வரிசை நிற்கும், பிறகு நார் அந்த வரிசையைப் பார்த்து, அதே போக்கில் வளரும். கல்லில் வைத்தால்? இரண்டும் ஒரே நொடியில். வரிசை கட்டுவதற்குள் நார் கண்ட பக்கமும் ஓடும், வெளிச்சம் சிதறும், பால். சின்னப் பையன்கூடச் சொல்வான். அந்த இரண்டு எண்ணையும் எழுதியது இந்தக் கை. இதே கைதான் இரண்டு வருஷமாக இடுக்கியால் தூக்கித் தூக்கிக் கல்லில் வைத்தது. அன்றைக்கு அந்தக் காகிதத்தை வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை துளசிமணியிடம், "அந்த ஆற வைக்கிறதைத்தான் பண்ணிப் பாரேன்" என்றார், ஏதோ அவருக்கே தோன்றின மாதிரி. அவள் அண்டாவோடு வந்தாள். தட்டைச் சும்மா விட்டாலே ஆறும், மூடினால் இன்னும் மெதுவாக, சீராக ஆறும் என்றாள். அதையும் அவர் யோசித்திருக்கவில்லை.

அறுபத்தொன்று. மணி மூன்று எட்டு. இப்போதுதான். இந்த நிமிஷம்தான் முதல் நார் முளைக்கிறது, உள்ளே, இருட்டில், யாரும் பார்க்காமல். தெரு முக்கில் இரும்புச் சட்டம் ஏற்றிய லாரி ஒன்று திரும்பியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது, மேஜை லேசாகக் கிணுகிணுத்தது. பலவேசம் எழுந்து இரண்டு உள்ளங்கையையும் மேஜைமேல் பதித்தார், தான் அழுத்தினால் பூமி அடங்கிவிடும் என்பதுபோல. கீழே பட்டறையில் கடைசல் யந்திரம் கிறீச்சென்றது. நிறுத்தச் சொல்லலாமா. பட்டறைக்காரன் நிறுத்தமாட்டான், திமிர் பிடித்தவன். அதிர்ந்தால் நார் அறுமா? அறாது. அறுந்தால்தான் என்ன, மறுபடி பிடிக்கும். மூணு செல் வந்தபோதும் லாரி போயிருக்காதா? போயிருக்கும். ஆனால் அன்றைக்குக் கரண்ட் இல்லை, கடைசல் யந்திரமும் ஓடியிருக்காது. ஓடியிருக்காதுதானே? ஆறினது மட்டும்தான் காரணமா, அமைதியும் சேர்ந்துதானா? இதை யோசித்தோமா? "துளசி." "ஏனுங்?" "ஷட்டவுன் அன்னிக்குக் கீழ மெஷின் ஓடுமா?" "அவிய ஜெனரேட்டர் வெச்சிருக்காங்கள்ல. எப்பவும் ஓடறதுதான். இன்னும் ஜாஸ்தி சத்தம்." "ம்." உட்கார்ந்தார். பார், எவ்வளவு சுலபமாக ஆள் கலங்கிவிடுகிறான். பொருள் நல்ல பொருள். முறை இப்போது நல்ல முறை. கலங்க வேண்டியதே இல்லை. அறுபது. மூலக்கூறுகள் வரிசையில் நிற்கின்றன, நார் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கோரைப்பாய் நெய்கிற மாதிரி ஒரே போக்கில் நீள்கிறது. கண்ணை மூடினால் தெரிகிறது. மூடித்தான் பார்க்க வேண்டும், அண்டாவைத் தூக்கிப் பார்க்க முடியாது. பொறுமை என்பது வேறொன்றும் இல்லை போல, பார்க்காமல் பார்ப்பதுதான் போல. என்ன இது, சாமியார் மாதிரி. எழுபத்தொரு வயதில் புத்தி இளகுகிறது.

நாலு மணிக்கு என்ன சொல்வது? கிருபாகரனுக்கு வளவளவென்று சொன்னால் பிடிக்காது, அவன் அப்பாவுக்கும் பிடிக்காது. அப்பாவும் பலவேசமும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஆறும் வேகத்தைக் குறைத்தோம் தம்பி, சரியாகிவிட்டது. போதும். குறைத்தோம். எல்லாருமாகச் சேர்ந்து. எல்லாரும் என்றால் யார்? இந்த அறையில் இரண்டு பேர்தான். ஒருத்தர் இரண்டு வருஷம் கல்லில் வைத்தவர். அது தேவையில்லாத விவரம். வடக்கத்திக்காரனுக்கு எதற்கு இந்த வீட்டுக் கதை. ஆறும் வேகம் பற்றி என் கட்டுரையிலேயே இருக்கிறது என்று சொல்லலாம். இருக்கத்தான் செய்கிறது, பொய் இல்லையே. ஐம்பத்து நாலு. பொய் இல்லை. அந்த மானிட்டர்கூடப் பொய் சொல்லவில்லை, ஒன்றைத்தான் காட்டியது, முன்னால் எதுவோ நின்றது. சீ. அது எதற்கு இப்போது. சட்டைப் பையில் பேனாவைத் தேடினார், இருந்தது, திரும்ப வைத்தார். துளசிமணி டிபன் பாக்ஸைத் திறந்தாள், மூன்றரை மணிக்குச் சாப்பாடு. காலையில் இந்தச் செல்லுக்குச் சொட்டு வைக்கிற வேலை, கையில் எண்ணெய் படக் கூடாதென்று சாப்பிடாமலே இருந்திருக்கிறாள். புளிச்சோற்று வாசனை வந்தது. "நீங்க சாப்பிட்டீங்களா சார்?" "பசிக்கல." "வந்துருமுங். மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க." "வரும்னு எனக்குத் தெரியாதா?" "தெரியுமுங். அதான் கால இப்படி ஆட்டறீங்க." காலை நிறுத்தினார். அவர் கவனித்திருக்கவில்லை, கால்பாட்டுக்கு ஆடியிருக்கிறது. அவள் சோற்றை உருட்டி வாயில் போட்டாள், அவசரமில்லாமல் மென்றாள், அண்டாவைப் பார்த்தபடி. அவளுக்குப் பயமே இல்லை. மாவு போனால் நிரப்புகிற வேலையும் போகும் என்று தெரியாதவள் இல்லை. தெரிந்தும் மெல்லுகிறாள். ஐம்பது. நாற்பத்தொன்பது. முடிகிற நேரத்தில் எண் நகரவே மாட்டேன் என்கிறது. நாற்பத்தெட்டு.

நாற்பத்தைந்து. மூன்று நாற்பது. அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று உடம்பு முழுக்கச் சொன்னது, எழவில்லை. "நீயே எடு" என்றார். துளசிமணி கையைக் கழுவி, உலர்த்தி, இரண்டு பக்கமும் பிடித்து அண்டாவை நேரே தூக்கினாள், சாய்க்காமல், பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலிலிருந்து இறக்குகிற மாதிரி. செல் அலுமினியக் கட்டையின்மேல் கிடந்தது. பார்க்க ஒன்றுமே இல்லை, வெறும் கண்ணாடி. வெறும் கண்ணாடியாக இருப்பதுதான் விசேஷம். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், அதன் வழியாக எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காக்காயின் மூக்கு தெரிந்தது. ஒளியை வடிகட்டுகிற இரண்டு கறுப்புத் தாளுக்கு நடுவில் வைத்துத் திருப்பினாள், வரிசை பிசகியிருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் கசியும்: ஓரம் முதல் ஓரம் வரை ஒரே இருட்டு, ஒரு புள்ளி வெளிச்சம் கசியவில்லை. இன்னும் முடியவில்லை என்று இருவருக்கும் தெரியும். குளிர்ப்பெட்டி, ஐந்து டிகிரி, பத்து நிமிஷம். இந்தப் பத்து நிமிஷம் அந்த இரண்டரை மணி நேரத்தைவிட நீளம். குளிர்ப்பெட்டியின் மோட்டார் உறுமியது. இனி ஆனது ஆகட்டும் என்று ஒரு மனம் சொன்னது, ஆகாமல் போனால் அந்தக் கல்லைப் பெயர்த்து எடுத்து ஜன்னல் வழியாக எறிவேன் என்று இன்னொரு மனம் சொன்னது, ஆனாலும் எறிவேன் என்று மூன்றாவது. மூன்று ஐம்பத்து மூன்று. ஒயரை மாட்டினார். எட்டு என்று கொடுத்தார். கறுகறுவென்று எட்டு. ஒன்றுக்கு மாற்றினார்.

ஒன்று. வெறும் ஒன்று. இடப்பக்கம் சுத்தமாக வெறுமை. எட்டு எங்கே போயிற்று என்று தேடினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற வரைக்கும் குனிந்து தேடினார். இல்லை. திரும்ப எட்டு, திரும்ப ஒன்று. எட்டு, ஒன்று, எட்டு, ஒன்று, சின்னப்பிள்ளை ஸ்விட்சைப் போட்டு அணைக்கிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் எட்டு வந்த சுவடே இல்லாமல் போயிற்று. விரலால் அழுத்தினார். "உடச்சுராதீங்க, ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது" என்றாள் துளசிமணி, குரல் என்னவோபோல் இருந்தது. அழுத்தின இடத்தில்கூட எண் கலங்கவில்லை. அவருக்கு அந்த நர்ஸின் பெயர் தெரியவில்லையே என்று இருந்தது. மேஜையில் போன் அடித்தது. நாலு ஆக இன்னும் இரண்டு நிமிஷம், இந்தப் பயலும் அவசரக்காரன்தான். ஸ்பீக்கரில் போட்டார். "சார், இவங்கல்லாம் முன்னாடி உக்காந்திருக்காங்க. இருக்கா, இல்லீங்களா?" "இருக்கு." "நெஜமாவா? நிழல்?" "இல்ல." "எத்தன டிகிரில பாத்தீங்க?" "அஞ்சு." அந்தப் பக்கம் இந்தியில் யாரோ வேகமாகப் பேசினார்கள், யாரோ சிரித்தார்கள், நாற்காலி நகர்ந்தது. "சார், பிரமாதம் சார். நாளைக்கே ஆள் அனுப்புறாங்களாம். எப்படி சரியாச்சுன்னு செய்முறைத் தாள்ல எழுதணுமாம், கெட்டதுக்குக் காரணம் என்ன, சரி பண்ணது யாருன்னு பேரோட. உங்க பேரப் போட்டுக் குடுத்தர்றேன்." பலவேசம் வாயைத் திறந்தார். ஆறும் வேகத்தைக் குறைத்தோம் தம்பி என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது, ஒரு மணி நேரமாகத் தீட்டி வைத்தது. சரளமாக வந்திருக்கும். "என் பேரப் போடு" என்றார். "கெட்டதுக்கு. ஆறவிடாமத் தூக்கித் தூக்கிக் கல்லுல வச்சான் பலவேசம்னு எழுது. டாக்டர்னும் சேத்துக்கோ." "சார்?" "காதுல விழலியா? இருபத்தெட்டு செல்லக் கெடுத்தது நான்." "சரி... அப்ப சரி பண்ணது?" துளசிமணி அண்டாவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள், வேண்டாம் என்று கையை ஆட்டினாள், "என்னய எதுக்குங் சார் இழுக்கறீங்க" என்று வாய்க்குள் சொன்னாள். அவர் அவளைப் பார்க்காமல் போனுக்குக் குனிந்தார். "துளசிமணி." "எந்தத் துளசிமணிங் சார்?" கிருபாகரன் உண்மையாகவே கேட்டான். பலவேசத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "எந்தத் துளசிமணியா? பதினாறு வருஷமா உன் கண்ணாடிய நெரப்புறாளே, அந்தத் துளசிமணி."